ஆடும் முகப்பு விளக்கும் எதிரே வருபவரின் கண்ணும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்கோடு, ராயக்கோட்டை சந்தைகளுக்கு விடியுமுன் தக்காளிக் கூடைகளுடன் செல்லும் மோட்டார் சைக்கிள்களில் பலவற்றின் முகப்பு விளக்கு கழன்று ஆடிக்கொண்டிருப்பதையும், அதைச் சைக்கிள் டியூப் துண்டாலோ கம்பியாலோ கட்டி ஓட்டுவதையும் அன்றாடம் காண்கிறேன். ஓட்டுபவருக்கு இது சிறு குறையாகத் தெரியலாம். ஆனால், விளக்கு சற்றே மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டால், டிம்மில் வைத்திருந்தாலும் அதன் ஒளி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்கிறது. 2017 ஏப்ரல் முதல் தயாராகும் இரு சக்கர வாகனங்களில் எஞ்சின் இயங்கும்போதெல்லாம் விளக்கு எரிய வேண்டும் என்பது விதி என்பதால், புதிய வண்டிகளில் அதை அணைக்கவும் வழியில்லை.

இதை வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். பெரும்பாலும் போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ் வெயிலில் இறுகி நொறுங்கியிருக்கும். புஷ் கெட்டிருக்கையில் போல்ட்டை மட்டும் முறுக்கினால் சில நாளில் மீண்டும் ஆடும். மிகையாக முறுக்கினால், போல்ட் நுழையும் பிளாஸ்டிக் காது உடையும். காது ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தால் அந்தப் பாகத்தை மாற்றுவதே முறை. முடுக்கிய பின் ஹேண்டிலை இருபுறமும் முழுமையாகத் திருப்பி, ஒயர் எங்கும் நசுங்கவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும்.

பலரும் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். ஒளி விழும் உயரத்தைப் பார்ப்பதில்லை. டயரில் சரியான காற்றுடன், சமதரையில், சுவரிலிருந்து சுமார் 5 மீட்டர் தள்ளி வண்டியை ஸ்டாண்ட் போடாமல் நிறுத்தி, வழக்கமாக ஓட்டுபவர் அதில் அமர்ந்திருக்க, விளக்கின் நடுப்புள்ளி உயரத்தில் சுவரில் சாக்பீஸால் கோடு போட வேண்டும். டிம் ஒளியின் பிரகாசமான பகுதி அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே அமைய வேண்டும். பின்னால் பாரம் ஏற்றினால் முன்பக்கம் உயர்ந்து ஒளியும் மேலேறும் என்பதால், கூடை ஏற்றுபவர்கள் பாரத்துடனேயே பார்ப்பது நல்லது.

சொந்த உபயோக இரு சக்கர வாகனங்களுக்குப் பதிவான நாளிலிருந்து 15 ஆண்டுகள் வரை தகுதிச் சான்றுச் சோதனை கிடையாது. ஆகவே, ஜனவரியில் நடைபெறும் சாலைப் பாதுகாப்பு மாத நிகழ்ச்சிகளில் தலைக்கவச விழிப்புணர்வோடு, சந்தை வாயில்களிலும் பேருந்து நிலையங்களிலும் சுவரில் கோடு வரைந்து விளக்குகளை இலவசமாகச் சரிபார்த்துத் தர, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் போக்குவரத்துத் துறையினர் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பாலக்கோடு வாசகர்