கீழ்மடை உழவர்களுக்கும் கரையில் நின்றவர்களுக்கும்

அன்புடையீர், வணக்கம்.

வீடுகளில் சேறு அள்ளி முடித்து, கிணறுகளை இறைத்து, இன்றுதான் உட்கார்ந்து எழுத நேரம் வாய்த்தது.

ஆறு கரைதொட்டு ஓடிய அந்த இரவில், கரையின் வயல்பக்க அடியில் ஊற்றுக் கிளம்பியது. முதலில் தெளிந்த நீர்தான். அது மணலை அள்ளிக்கொண்டு கலங்கி வரத் தொடங்கியதும், கரை உள்ளுக்குள் அரிபடுகிறது என்று தெரிந்துபோயிற்று. பதறிப்போய் மூட்டையைப் போட்டு அடைக்கப் பாய்ந்தோம். "அடைக்காதீர்கள், சுற்றிக் கட்டுங்கள்" என்று கையைப் பிடித்து நிறுத்தினீர்களே, பெரியவரே! அடைத்திருந்தால் அழுத்தம் வேறோர் இடத்தைப் பிளந்திருக்கும். கிணற்று உறைபோல் சுற்றி மூட்டை அடுக்கியதும் உள்ளே நீர்மட்டம் உயர்ந்தது. மணல் வருவது நின்றது. விடியும்வரை தோளில் மணல் சுமந்த பிள்ளைகளில் பாதிப்பேர் எங்களுக்கு முன்பின் அறியாதவர்கள். கரை நின்றது உங்களால்தான்.

ஆனால் வானத்துத் தண்ணீருக்குக் கரை ஏது? ஒரு மில்லிமீட்டர் மழை என்றாலே ஒரு ஹெக்டேரில் 10,000 லிட்டர். நாள்கணக்கில் கொட்டியதெல்லாம் வயலிலேயே நின்றது. ஆறு நிரம்பியிருந்ததால் வடிகால் நீரை வாங்கவில்லை. பயிர் ஒரு வாரத்துக்குமேல் முழுகிக் கிடந்தால் பெரும்பாலான நெல் ரகங்கள் அழுகிவிடும். ஐந்தாம் நாள் காலையில் நாங்கள் நம்பிக்கை இழந்திருந்தபோது, கீழ்மடைக்காரர்களே, மண்வெட்டியோடு வந்து உங்கள் வரப்பை நீங்களே வெட்டினீர்கள். எங்கள் தண்ணீர் உங்கள் நாற்றை அடித்துக்கொண்டுதான் கீழே இறங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கோடையில் முறைத் தண்ணீருக்காக உங்களோடு நாங்கள் மல்லுக்கு நின்றதும் தெரியும். அதை அன்று ஒரு சொல்லாலும் நினைவூட்டவில்லை. அந்த மௌனத்தை எங்களில் எவராலும் மறக்க முடியவில்லை.

படகில் வந்து மாடுகளுக்கு ஊசி போட்ட கால்நடை மருத்துவர்களுக்கும், வைக்கோல் கொடுத்த மேட்டுநிலத்தாருக்கும், கிணறுதோறும் பிளீச்சிங் பவுடர் இட்ட சுகாதாரப் பணியாளர்களுக்கும் எங்கள் நன்றி.

உங்கள் வயல்களில் படிந்திருக்கும் மணலை அள்ள டிராக்டர்களோடு வருகிறோம், நாளைச் சொல்லுங்கள். பரணில் ஏற்றிவைத்த விதைநெல் நனையாமல் தப்பியிருக்கிறது. உங்கள் நாற்றங்காலுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு மீதியை நாங்கள் விதைத்துக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
மேல்மடை உழவர்கள்