எந்தக் கட்டத்தில் டிக் செய்தாய்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் கேட்டால் "அப்புறம் பேசுகிறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். உன் மாணவன் தனியாகப் பறந்து இறங்கிய மகிழ்ச்சியில் நிற்கிறான். பக்கத்தில் நீ அவன் லாக்புக்கில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாய். படத்தைப் பெரிதாக்கி அந்தக் கையெழுத்தைத்தான் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் அட்டையில் எனக்குப் பதிலாக நீயே போட்டாயே, அதைவிட எவ்வளவோ தேவலை.

ஏர்லைனில் சேரக் கேட்கும் 1,500 மணி நேரப் பறத்தல் முடிந்துவிட்டதாமே? அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. உன்னோடு படித்தவர்கள் ஒவ்வொருவராக ரீஜனல் ஏர்லைன்களில் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். நீ மட்டும் "இன்னும் கொஞ்ச நாள் சொல்லிக்கொடுக்கிறேன்" என்கிறாய். சொல்லிக்கொடுப்பது நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் விண்ணப்பத்தைத் திறந்து, ஒரு கேள்வியைப் பார்த்துவிட்டு மூடிவைக்கிறாயோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அந்த விஷயத்தை இனிப் பேச மாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன். பேசவில்லை, எழுதுகிறேன்.

ஏர்லைன் வேலையில் சேரும்போது கைரேகை எடுத்துப் பத்து வருடத்துக்குப் பின்னோக்கிப் பார்ப்பார்கள். அதில் ஆளை நேரடியாகத் தகுதியிழக்கச் செய்யும் குற்றங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. விமானக் கடத்தல், வெடிபொருள், கொலை, கொள்ளை, பெரிய மோசடி என்று போகிறது. பத்தொன்பது வயதில் அக்காவின் கார் லைசென்ஸைக் காட்டி, உன் வயதுக்கு விடாத ஓரிடத்துக்குள் நுழைந்ததும், அதற்குச் சிறு குற்றமென்று பதிவாகி அபராதம் கட்டியதும் அந்த வகையில் வராது. ஏர்லைன்காரர்கள் கேட்பார்கள், கேட்கட்டும். அதற்குப் பிறகு உன் பெயரில் ஒரு கறையும் இல்லை. நேர்முகத்தில் நான்கு வரியில் சொல்லி முடி. "அக்காதான் கொடுத்தாள்" என்று மட்டும் ஆரம்பிக்காதே. அவளை நான் தனியாகக் கேட்டுக்கொண்டாயிற்று. ஒரே முகஜாடையில் இரண்டு பெண்களைப் பெற்றது என் தலையெழுத்து.

என் கவலை அந்த வழக்கில்லை. அமெரிக்க விமானத் துறை நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வுக்கு விமானிகள் நிரப்பும் மெடிக்கல் படிவத்தில் பதினெட்டாவது கேள்வி. அதில் ஒரு உட்பிரிவு குடித்துவிட்டு வண்டி ஓட்டியதில் ஆரம்பிக்கிறது. மூன்று முறை படித்தேன். வாக்கியம் அங்கே நிற்கவில்லை. ஏதாவது குற்றத்துக்காகக் கார் ஓட்டும் உரிமை நிறுத்திவைக்கப்பட்டதா, அதனால் ஏதாவது வகுப்புக்குப் போக நேர்ந்ததா என்றும் கேட்கிறது. முதல் பாதியைப் படித்துவிட்டு, 'நான் குடித்துவிட்டு ஓட்டவில்லையே' என்று 'இல்லை' போடுவது யாருக்கும் வரக்கூடிய பிசகு. அந்த வழக்கில் உன் கார் லைசென்ஸை நிறுத்திவைத்தார்கள். வாரக் கடைசியில் வகுப்பில் போய் உட்கார்ந்தாய். அந்தக் கட்டத்தில் எதை டிக் செய்தாய், பாப்பா?

அந்தப் படிவத்திலேயே அச்சடித்திருக்கிறது, பொய் சொன்னால் 2,50,000 டாலர் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை என்று. தெரிந்தே மறைத்ததாகத் தீர்மானித்தால் கைவசமுள்ள எல்லாச் சான்றிதழ்களையும் ரத்து செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அந்தச் சின்னக் குற்றத்துக்கு யாரும் உன் இறக்கையைப் பிடுங்க மாட்டார்கள். மறைத்ததற்குப் பிடுங்குவார்கள். உள்ளதை உள்ளபடி எழுது.

2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே ஒரு விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்களே, அதைப் பற்றிப் படித்தேன். அந்த கேப்டன் வேலைக்கு விண்ணப்பித்தபோது, முன்பு தேர்வுப் பறத்தலில் தோற்றவற்றில் சிலவற்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். அதனால்தான் விழுந்தது என்று சொல்ல நான் யார்? ஆனால் அதற்கு அடுத்த ஆண்டு வந்த சட்டத்தில்தான் விமானிகளின் பழைய பதிவுகளை ஏர்லைன்கள் பார்ப்பதற்கென்று ஒரு தரவுத்தளம் வைக்கச் சொன்னார்கள். நீ தூக்கம் கெட்டுச் சேர்த்தாயே, அந்த 1,500 மணி நேரமும் அதே சட்டத்தில் வந்ததுதான். இவ்வளவு பட்டவர்களிடம் போய் ஒரு வரியை ஒளிக்க முடியுமா?

'ஆம்' என்று போட்டிருந்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்றே விண்ணப்பி. 'இல்லை' என்று போட்டிருந்தால் முதலில் விமானத் துறை வழக்குகள் தெரிந்த ஒரு வக்கீலைப் பார். அவர் சொல்வதற்கு முன்னால் நீயாக எதையும் எழுதி அனுப்பாதே. செலவைப் பற்றி யோசிக்காதே. கூடப் பறப்பவர்கள் சொல்லும் யோசனை வேண்டாம். அவர்கள் வேலை போகாது, உன் வேலை போகும். திரும்பச் சொல்கிறேன், உள்ளதை உள்ளபடி எழுது.

வக்கீல் கேட்டால் கொடுக்க, அபராத ரசீதும் வகுப்பு முடித்த சான்றிதழும் என் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. கூரியரில் அனுப்பச் சொல்கிறேன். அப்பாவுக்குத் தெரிந்துவிடுமே என்று பயப்படாதே. அவருக்கு அப்போதே தெரியும். கூரியர் ஆபீசுக்குப் போகப் போவதும் அவர்தான்.

அன்புடன்,
அம்மா