நேற்று எப்படி இருந்தார் என்று எங்களைக் கேளுங்கள்

வார்டுகளில் பணியாற்றும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம். அல்சைமர் நோயுள்ள அம்மாவை ஏழு ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்ளும் மகள் எழுதுகிறேன். அம்மாவைப் போன்றவர்கள் உங்களிடம் வந்து படுப்பது பெரும்பாலும் மறதிக்காக அல்ல. காய்ச்சல் வரும், விழுந்து இடுப்பெலும்பு முறியும், அதற்காக வருவார்கள். அந்த நாலைந்து நாட்களைப் பற்றித்தான் இந்த மடல்.

சென்ற முறை கூட்டிவந்தபோது அம்மா இரண்டு நாட்களாகத் தூங்கவில்லை. சுவரோரம் யாரோ நிற்பதாகக் கத்திக்கொண்டிருந்தார். "அல்சைமர்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்றார் பணியில் இருந்த மருத்துவர். அல்சைமர் வருடக்கணக்கில் மெல்லத் தேய்க்கும் நோய். முந்தாநாள் வரை தன் கையால் சாப்பிட்டவர் திடீரென்று ஆளே மாறிப்போனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது டெலிரியத்தை, அதாவது உடல் கோளாறால் திடீரென்று வரும் மனக்குழப்பத்தை. தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், புதிதாக ஆரம்பித்த மாத்திரை, சொல்லத் தெரியாத வலி என எதுவும் அதைக் கிளப்பும். காரணத்தைப் பிடித்துச் சரிசெய்தால் பெரும்பாலும் தணியும். அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று. அந்தப் பரிசோதனைக்காக நான் மூன்று முறை கெஞ்ச வேண்டியிருந்தது.

அன்று இரவு என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். காலையில் போய்ப் பார்த்தால் மூக்குக்கண்ணாடியும் காது மெஷினும் பைக்குள் கிடக்கின்றன. ட்ரிப்ஸ் குழாயைப் பிடுங்கினாராம். இரண்டு மணிக்கட்டையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். கண்ணும் காதும் மங்கி, கையும் கட்டப்பட்டால் யாருக்குத்தான் பதறாது? அவிழ்த்துவிட்டதும் அம்மாவின் விரல்கள் போர்வை ஓரத்தைத் தேடிப் பிடித்து மடிக்க ஆரம்பித்தன. வீட்டில் ஒரே துண்டைப் பகல் முழுக்க மடித்து, உதறி, மறுபடி மடிப்பார். அந்தத் துண்டு கையில் இருந்திருந்தால் குழாய்ப் பக்கம் கை போயிருக்காது என்றே நினைக்கிறேன். இதைச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நான். வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த இரவுப் பணிச் செவிலியர் மீது எனக்குக் கோபம் இல்லை. வார்டு முழுவதையும் ஒற்றை ஆளாக ஓடி ஓடிப் பார்த்தவர் அவர்.

1901இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில், இந்த நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், அகுஸ்தே டேட்டர் என்ற பெண்ணின் முன் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்து, அவர் தடுமாறிச் சொன்ன பதில்களை அப்படியே குறித்துவைத்தார். 1906இல் அந்தப் பெண் இறந்த பிறகுதான் மூளையை ஆராய்ந்தார். எங்களுக்கும் அந்த முதல் பகுதிதான் வேண்டும்: உட்கார்ந்து கேட்பது. "நேத்து வரைக்கும் எப்படி இருந்தாங்க?" என்று ஒரே ஒரு கேள்வி. கூடவே, பார்வையாளர் நேரம் முடிந்தாலும் இவர்களுடன் வீட்டாள் ஒருவரை இரவு தங்க விடுங்கள். ஊட்டிவிட, கழிப்பறைக்குக் கூட்டிப்போக, கையைப் பிடித்துக்கொண்டிருக்க நாங்கள் இருக்கிறோம்.

அடுத்த முறை ஒரு தாள் எழுதி எடுத்துவருவேன். எப்படிக் கூப்பிட்டால் அம்மா திரும்புவார், வலித்தால் புருவம் எப்படிச் சுருங்கும், மாத்திரையை எதில் கலந்தால் விழுங்குவார் எல்லாம் அதில் இருக்கும். அதை கேஸ் ஷீட்டின் மேலேயே வையுங்கள்.

அன்புடன்,
ஒரு மகள்