திருப்தியா என்று கேட்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களை நடத்துகிறவர்களுக்கும் அவற்றின் தரத்தை மதிப்பிடுகிறவர்களுக்கும் வணக்கம்.

பக்கவாதத்தால் முடங்கி இல்லங்களில் இருப்பவர்களிடம் ‘பராமரிப்பு திருப்தியா?’ என்று படிவம் கொடுத்துக் கேட்கிறீர்கள். கேட்பது நல்ல விஷயம்தான். ஆனால் நீங்கள் கேட்கும் விதத்தில் உண்மையான பதில் வருவதற்கு வழியே இல்லை.

என் அப்பாவுக்கு மூளையின் வலப்பக்கத்தில் பாதிப்பு. இடது கையும் காலும் விழுந்ததோடு நிற்கவில்லை. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் கவனத்தில் ஏறாது. கண்ணில் கோளாறு இல்லை, மூளை அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. தட்டில் வலப்பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு முடித்துவிட்டதாக நினைப்பார். அவர் கையில் கொடுத்த படிவத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து கட்டங்கள், ஒரே வரிசையில். இடக்கோடியில் ‘மிகவும் அதிருப்தி’, வலக்கோடியில் ‘மிகவும் திருப்தி’. எல்லாக் கேள்விக்கும் வலக்கோடியிலேயே குறி போட்டிருந்தார். முந்தின நாள் முழுக்கத் தோள் வலியில் துடித்தவர் அவர்! அந்தக் கட்டங்களை மேலிருந்து கீழாக, தாளின் வலப்பக்கமாக அச்சிட்டிருந்தால் போதும்.

அப்பாவிடமாவது கேட்டீர்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அஃபேசியா எனும் பேச்சிழப்பு வருகிறது. அறிவு அப்படியேதான் இருக்கும், சொல்தான் அகப்படாது. இவர்களில் பலரை ‘பதில் சொல்லும் நிலையில் இல்லை’ என்று எழுதி ஒதுக்கிவிட்டு, பிள்ளைகளிடம் கேட்டு நிரப்பிக்கொள்கிறீர்கள். பிள்ளைகளின் கருத்தும் தேவைதான், ஆனால் அது பிள்ளைகளின் கருத்து. நோயாளி தன் வாழ்க்கையைப் பற்றிச் சொல்வதும் உறவினர் சொல்வதும் ஒத்துப்போகாமல் இருப்பது சகஜம்.

பேச்சிழந்தவரிடம் கேட்கவே முடியாது என்பதும் சரியில்லை. சின்ன வாக்கியமாக, ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. முக்கியமான சொல்லைப் பெரிதாக எழுதி, படத்தோடு காட்டுங்கள். அப்புறம் காத்திருங்கள், அவசரப்படுத்தாமல். இல்லை என்று நினைத்துக்கொண்டே ‘ஆமாம்’ என்று வாய் சொல்லிவிடுவது இவர்களுக்கு நடக்கும். அதனால் அதே விஷயத்தைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை கேளுங்கள். நேரம் பிடிக்கும் வேலை இது, ஒத்துக்கொள்கிறேன்.

யார் கேட்கிறார்கள் என்பதும் முக்கியம். ராத்திரி கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு போகிற அதே ஊழியர் பேனாவோடு வந்து நின்றால் யார் குறை சொல்வார்கள்? வெளியாள் ஒருவர் வந்து, கதவைச் சாத்திவிட்டுக் கேட்க வேண்டும். அப்போதும் ‘எல்லாம் சரிதான்’ என்றே பதில் வரலாம். பக்கவாதத்துக்குப் பிறகு மூன்றில் ஒருவர் அளவுக்கு மனச்சோர்வு வருகிறது. எதுவும் மாறப்போவதில்லை என்று விட்டுவிட்டவரும் ‘சரிதான்’ என்றுதான் சொல்வார்.

ஆகவே கேள்வியையும் மாற்றுங்கள். ‘ஊழியர் நடத்தை எப்படி?’ என்று மொத்தமாகக் கேட்டால் ஒன்றும் தெரியவராது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்கிறார்களா என்று கேளுங்கள். தசை தளர்ந்த தோளில் மூட்டு எளிதாக நழுவும். அப்பாவின் வலிக்குக் காரணம் அதுதான். அழைப்பு மணி, வேலை செய்கிற கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா? விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு ஊட்டும்போது நிமிர்த்தி உட்கார வைக்கிறார்களா? பயிற்சியை நிறுத்தியபோது ஏன் என்று அவரிடம் சொன்னார்களா? இந்தக் கடைசிக் கேள்வியை எந்தப் படிவத்திலும் நான் பார்த்ததில்லை. இனி முன்னேற்றம் இல்லை என்று அவருக்குத் தெரியாமலே யாரோ தீர்மானித்துவிடுகிறார்கள். அதன் பிறகு எத்தனை நல்ல சாப்பாடு போட்டாலும் அந்தக் காயம் ஆறுவதில்லை.

அடுத்த முறை முடிவுகளை வெளியிடும்போது திருப்தி சதவீதத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு எண்ணையும் போடுங்கள்: இல்லத்தில் இருப்பவர்களில் எத்தனை பேரிடம் நேரடியாகக் கேட்கவில்லை, என்ன காரணத்தால். அதை வெளியிடும்படி மதிப்பீட்டாளர்கள் ஒவ்வொரு இல்லத்தையும் கட்டாயப்படுத்த வேண்டும்.

இப்படிக்கு,
இல்லத்தில் இருக்கும் ஒருவரின் மகள்