டர்போவுக்குக் காசு உண்டு, பிஸ்டனுக்கு இல்லை

ஆசிரியருக்கு,

கோவையில் இருபது வருஷமாக என்ஜின் போரிங் பட்டறை, அதாவது சிலிண்டர் துளையை (போர்) அளவாகக் கடையும் பட்டறை நடத்துகிறேன். பழைய பெட்ரோல் காரில் டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) மாட்ட வரும் பையன்களிடம் டர்போவுக்குக் காசு இருக்கும், பிஸ்டனுக்கு இருக்காது.

போன மாதம் ஒரு என்ஜினைத் திறந்தேன். மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டனில், இரண்டு ரிங்குக்கு நடுவே உள்ள மேடு பிஸ்கட் மாதிரி உடைந்து கிடந்தது. காரோடு வந்த வார்ப்புப் பிஸ்டன், 10.5-க்கு 1 கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் விகிதம்), அதற்கு மேல் டர்போ தள்ளும் காற்றழுத்தமான பூஸ்ட். பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடித்து நாக்கிங் அடித்தால் வார்ப்பு எப்படித் தாங்கும்?

ஃபோர்ஜ்டு பிஸ்டன் (உலோகத்தை அழுத்தி அடித்துச் செய்தது) போடுங்கள். தெருவில் ஓட்ட 4032 என்ற அலுமினியக் கலவை போதும்; சிலிக்கான் சுமார் 12 சதவீதம், சூட்டில் குறைவாக விரியும். 2618 என்ற கலவை இன்னும் அடி தாங்கும். ஆனால் அதிகம் விரிவதால் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடைவெளி கூடுதலாக விட வேண்டும், காலையில் சூடாகும் வரை டொக் டொக் என்று சத்தம் வரும். உடனே, "ஏனுங்ண்ணா, போரை லூசா விட்டுட்டீங்களா?" என்று சண்டைக்கு வருவார்கள்.

அப்புறம், ரிங் வாய் இடைவெளியை (ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே விடுவது) டர்போ கணக்குக்கே வையுங்கள். குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டிக்கொள்ளும். பிஸ்டன் கைக்கு வராமல் போரிங்குக்கு பிளாக்கைத் தூக்கி வராதீர்கள். பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்த பிறகுதான் போர் அளவையே முடிவு செய்வோம்.

ஒரு பட்டறைக்காரர்,
கணபதி, கோவை