சீரியல் எழுதுறவங்களுக்கு குடும்ப கோர்ட்ல இருந்து ஒரு திறந்த மடல்

தமிழ் சீரியலுக்கு கதை, திரைக்கதை, வசனம் எழுதுற அண்ணன்மார், அக்காமார், டைரக்டர்ஸ், அப்புறம் எந்தக் கதை எத்தனை மணிக்கு ஓடணும்னு சேனல்ல உக்காந்து முடிவு பண்றவங்க எல்லாருக்கும் வணக்கம்.

நான் தென் மாவட்டத்துல ஒரு குடும்ப நல கோர்ட்ல ப்ராக்டீஸ் பண்ற வக்கீல். எங்கிட்ட வர்றதுல முக்காவாசி பேரு பொண்ணுங்க, அவங்கள்ல முக்காவாசி பேரு உங்க சீரியலைப் பாக்குறவங்க. எங்க வீட்லயும் அம்மாவும் அத்தையும் ராத்திரி சமையல் முடிச்சுட்டு டிவி முன்னாடி உக்காந்தா நானும் கூட உக்காந்துடுவேன். சீரியலைக் கேவலமா பேசுறவங்க கட்சி நான் கிடையாது, அதை முதல்லயே சொல்லிடறேன். ஒரே முகத்தை மூணு தடவை ஜூம் பண்றது, தூங்கி எந்திரிக்கும்போதும் பட்டுப்புடவை, மல்லிப்பூ, ஒரு கதவைத் திறக்க ஒரு எபிசோடு, இது எதுலயும் எனக்கு வருத்தமே இல்ல. அது உங்க கலையோட பாஷை, கூத்துலயும் நாடகத்துலயும் இருந்து வந்த மிகை, ஜனங்களுக்கு அது பிடிக்குது. ஜட்ஜ் சுத்தியலைத் தட்டி ஆர்டர் ஆர்டர்னு கத்துறாரே, நம்ம ஊர் கோர்ட்ல அப்படி ஒரு சுத்தியலே கிடையாது, கீதை மேல கை வச்சு சத்தியம் வாங்குறதும் கிடையாது, ஆனா அதெல்லாம் இருந்துட்டுப் போகட்டும், அதனால யார் வாழ்க்கையும் கெடப்போறதில்ல.

எனக்கு வலிக்கிறது வேற இடம். பாக்குற பொண்ணு அதை நம்பி தன் வாழ்க்கையில ஒரு முடிவு எடுக்கிற இடம் ஒண்ணு இருக்குல்ல, அங்க நீங்க தப்பா எழுதும்போதுதான். அதுவும் அந்தத் தப்பு எப்பவும் ஒரே பக்கமா சாயுது, அவளுக்கு சட்டத்துல இருக்கிற கதவை எல்லாம் கதையில சாத்தி வச்சுடறீங்க.

முதல்ல அந்த டைவர்ஸ் பேப்பர். சீரியல்ல புருஷன் ஒரு கவரை டேபிள் மேல தூக்கிப் போடுவான், கையெழுத்து போடுன்னு மாமியார் கத்துவாங்க, அவ அழுதுகிட்டே போடுவா, மியூசிக் எகிறும், அடுத்த எபிசோடுல அவன் இன்னொருத்தி கூட மணவறையில உக்காந்திருப்பான். பேப்பர்ல கையெழுத்து போட்டா கல்யாணம் முடிஞ்சிருச்சுன்னு இந்த ஒரு சீனை வச்சே ஒரு தலைமுறை நம்பிட்டு இருக்கு. எங்கிட்ட ஒரு அக்கா வந்தாங்க, 20 ரூபா பத்திரத்துல ‘இன்று முதல் எங்களுக்குள் எந்த உறவும் இல்லை’ன்னு எழுதி, பெரியவங்க நாலு பேரு சாட்சிக் கையெழுத்து போட்டு, நோட்டரி சீலும் குத்துன பேப்பரை பிளாஸ்டிக் கவர்ல மடிச்சு வச்சிருந்தாங்க. அதை நம்பி அவங்க பல வருஷம் ஜீவனாம்சம் கூட கேக்கல. நான் கையெழுத்து போட்டுட்டேனே, இனி எனக்கு என்ன உரிமை இருக்குன்னு கேட்டாங்க. அது செல்லாதும்மான்னு நான் சொன்னதும் ஒரு நிமிஷம் அவங்களுக்குப் பேச்சே வரல. இன்னிக்கும் அவங்க சட்டப்படி அந்த ஆளோட மனைவிதான்.

நிஜத்துல என்ன நடக்கும்னா, இந்து திருமணச் சட்டத்துல 13-பி பிரிவுன்னு ஒண்ணு 1976-ல சேத்தாங்க, பரஸ்பர சம்மதத்துல பிரியறதுக்கு. 1 வருஷமாவது பிரிஞ்சு இருந்திருக்கணும், ரெண்டு பேரும் சேந்து கோர்ட்ல மனு போடணும், அதுக்கப்புறம் 6 மாசம் காத்திருக்கணும், திரும்ப ரெண்டு பேரும் வந்து ஜட்ஜ் கேக்கும்போது ஆமா பிரியறோம்னு சொல்லணும். அந்த 6 மாசத்தை சூழ்நிலையைப் பாத்து கோர்ட் குறைக்கலாம்னு 2017-ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. ஆனா முக்கியமான விஷயம் என்னன்னா தீர்ப்பு வர்ற வரைக்கும் ரெண்டு பேர்ல யார் வேணா எனக்கு இப்ப சம்மதம் இல்லைன்னு பின்வாங்கலாம், பின்வாங்கிட்டா அந்த மனு அதோட நின்னுடும். ஒருத்தருக்கு இஷ்டமே இல்லைன்னா காரணத்தை நிரூபிக்கணும், அது வருஷக்கணக்குல இழுக்கும். கிறிஸ்டியன், முஸ்லிம் குடும்பங்களுக்கு சட்டம் வேற, ஆனா மிரட்டி கையெழுத்து வாங்கினா முடிஞ்சதுன்னு அங்கயும் கிடையாது.

இப்ப எழுதுறவங்களா யோசிச்சுப் பாருங்க, கையெழுத்து போட்டு 6 மாசம், எந்த நிமிஷமும் யார் வேணா மனசு மாறலாம், இதை விட ஒரு கதைக்காரருக்கு என்ன வேணும்? தினமும் ஒரு எபிசோடு போடுறவங்களுக்கு சட்டமே 6 மாச சஸ்பென்ஸ் எழுதிக் கொடுத்திருக்கு, அதைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு கவரையும் ஒரு பேனாவையும் பிடிச்சுகிட்டு நிக்கிறோம்.

கோர்ட் ஹாலும் அப்படித்தான். ரெண்டு வக்கீல் கர்ஜிக்கிற மாதிரியும் பின்னாடி சொந்தக்காரங்க எல்லாரும் உக்காந்து கண்ணைத் துடைக்கிற மாதிரியும் காட்டுறீங்க. குடும்ப கோர்ட்னு 1984-ல சட்டம் போட்டப்பவே இது சண்டை போடுற இடமா இருக்கக் கூடாதுன்னுதான் போட்டாங்க. வக்கீல் வச்சுக்கிறதுகூட உரிமைன்னு கேக்க முடியாது, கோர்ட் அனுமதிச்சாதான். ரெண்டு பேர்ல ஒருத்தர் கேட்டா வெளி ஆள் இல்லாம தனியா விசாரிக்கணும். உண்மையான நாடகம் நடக்கிறது கவுன்சிலிங் ரூம்ல, வராண்டாவுல.

ஒரு தடவை கவுன்சிலர் முன்னாடி ரெண்டு பேரும் உக்காந்திருந்தாங்க, சாமான் திருப்பிக் குடுக்கிற பேச்சு. அந்தப் பொண்ணு அவங்க அப்பா நோட்டுல எழுதி வச்சிருந்த சீர்வரிசை லிஸ்ட்டைப் படிச்சுட்டு வர்றா, குத்துவிளக்கு ஒரு ஜோடி, பித்தளைக் குடம் ரெண்டு, கட்டில், பீரோ, கிரைண்டர். அவன் ஒவ்வொண்ணுக்கும் தலையை ஆட்டிகிட்டே இருந்தான். கிரைண்டர்னு சொன்னதும், அதுல கல்லு தேஞ்சு போச்சு, மாத்திட்டு குடுத்தனுப்புறேன்னான். அவ படிக்கிறதை நிறுத்திட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு, கட்டிலை நீ எப்படி மாடியில இருந்து இறக்குவ, நானே ஆள் வச்சு இறக்கித் தரேன்னு சொன்னான். அவ்வளவுதான் பேசுனாங்க, யாரும் கத்தல. அடுத்த வாய்தாவுக்கு தேதி வாங்கிட்டுப் போனாங்க. நான் பாத்த எந்த சீரியல் கிளைமாக்ஸும் எனக்கு அப்படி நெஞ்சை அடைச்சதில்ல.

அதே வராண்டாவுல பிள்ளையைப் பாக்க வர்ற அப்பாக்களையும் பாப்போம். கோர்ட் குடுத்த நேரம் மட்டும்தான், சாக்லேட்டை சட்டைப் பையில வச்சா உருகிடும்னு கையிலயே பிடிச்சுகிட்டு வாசலையே பாத்து நிப்பாங்க. பிள்ளை வந்து முதல்ல அம்மா முந்தானைக்குப் பின்னாடி ஒளியும். வில்லன், வில்லி யாருமே இல்லாத சீன் அது, ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கும். உங்க கதையில கெட்டவங்க ரொம்பக் கெட்டவங்களா இருக்கறதுனால இந்த மாதிரி சீனுக்கு இடமே இல்லாம போயிடுது.

அடுத்து தாலி. கோயில்ல கூட்டத்துக்கு நடுவுல அவளுக்குத் தெரியாம, இல்லைன்னா கையைப் பிடிச்சு வச்சுகிட்டு, ஒருத்தன் தாலியைக் கட்டிடறான். உடனே அவங்க அம்மாவே, கழுத்துல ஏறிடுச்சு, இனி அவன்தான் உன் புருஷன்னு அழுவாங்க. அப்புறம் முன்னூறு எபிசோடு அவன் வீட்ல அவ விளக்கேத்தி கொஞ்சம் கொஞ்சமா அவனைக் காதலிப்பா. இதை எழுதுறவங்க கிட்ட கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேன், இதை மட்டும் நிறுத்துங்க. சம்மதத்தை பலவந்தத்துல வாங்கி நடந்த கல்யாணத்தை அதே இந்து திருமணச் சட்டத்தோட 12-வது பிரிவுல ரத்து பண்ணலாம், அந்த பலவந்தம் விலகி 1 வருஷத்துக்குள்ள மனு போடணும், இடையில அவ முழு மனசோட அவன் கூட வாழ்ந்திருக்கக் கூடாது. சம்மதமே இல்லாம ஓடி வந்து கயித்தைக் கட்டினான்னா அது கல்யாணம்தானான்னே முதல்ல கேள்வி வரும். கல்யாணம் பண்ணிக்க வைக்கணும்னு ஒரு பொண்ணைக் கடத்தினா 10 வருஷம் வரைக்கும் ஜெயில். நம்ம தமிழ்நாடு 1967-லயே சுயமரியாதைத் திருமணத்துக்கு அந்தச் சட்டத்துல 7-ஏ பிரிவைக் கொண்டு வந்துச்சு, அதுல ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஏத்துக்கிறதா புரியிற மொழியில சொல்லணும், மாலையோ மோதிரமோ தாலியோ எதுவா இருந்தாலும் போதும். வாயால சம்மதம் சொல்றதை சட்டத்துலயே எழுதி வச்ச மாநிலத்துல உக்காந்துகிட்டு கயிறு விழுந்தா கதை முடிஞ்சதுன்னு தினமும் சொல்லிக் கொடுத்துட்டு இருக்கோம். அந்த 1 வருஷ கெடு தெரியாம, ஊர் என்ன சொல்லுமோன்னு காத்திருந்து அதைத் தாண்டி வர்ற பொண்ணுங்க முகத்தைப் பாத்து பதில் சொல்ல வேண்டியது நாங்க.

ரெண்டாவது பொண்டாட்டி கதைக்கும் ஒரு வரி. இந்து திருமணச் சட்டப்படி, முதல் மனைவி உயிரோட இருந்து, டைவர்ஸும் ஆகலைன்னா ரெண்டாவது கல்யாணம் செல்லாது, 7 வருஷம் வரைக்கும் தண்டனை உண்டு. ஆனா அதுல பொறந்த பிள்ளைங்களை சட்டம் வாரிசாத்தான் பாக்குது, அதனால அந்தப் பிள்ளைங்களைக் கேவலப்படுத்துற வசனத்தை தயவுசெஞ்சு விட்டுடுங்க. வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்கி வீட்டையே எழுதி வாங்குறதும் நடக்காது, வீட்டை தானமா எழுதி வைக்கணும்னாலும் சப்-ரெஜிஸ்தரார் ஆபீஸ் போகணும், ரெண்டு சாட்சி வேணும், கைரேகை, போட்டோ எல்லாம் உண்டு. பொம்பளைப் பிள்ளைக்கு பூர்வீகச் சொத்துல பங்கு கிடையாதுன்னு இன்னமும் தாத்தா கேரக்டர் பேசுறார், பேசட்டும், அப்படிப் பேசுற தாத்தா ஊர்ல இருக்காங்க, ஆனா 1989-லயே பொண்ணுக்கும் பங்கு உண்டுன்னு தமிழ்நாடு சட்டத்தை மாத்திருச்சுன்னு பேத்தி திரும்பச் சொல்ற மாதிரி ஒரு வசனம் எழுதுங்களேன்.

கடைசியா, எனக்கு ரொம்ப முக்கியமானது, அந்த பெட்டி சீன். துணிமணியோட சூட்கேஸைத் தூக்கி வாசல்ல போட்டு, இது என் பையன் வீடு, வெளியே போடின்னு மாமியார் சொல்ல, மழை பெய்ய, அவ கைக்குழந்தையோட தெருவுல நடந்து போறது. 2005-ல வந்த குடும்ப வன்முறைச் சட்டத்துல 17-வது பிரிவைப் படிச்சுப் பாருங்க. அவ வாழ்ந்த வீடு அவ பேர்ல இல்லைன்னாலும் சட்டப்படியான வழியில இல்லாம அவளை வெளிய அனுப்ப முடியாது. அந்த வீடு மாமனார், மாமியார் பேர்ல இருந்தாலும் அதுலயும் அவ குடியிருப்பு உரிமை கேக்கலாம்னு 2020-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. மனு போட்டா பொதுவா 3 நாளைக்குள்ள முதல் விசாரணை வைக்கணும், 60 நாள்ல முடிக்கப் பாக்கணும்னு சட்டத்துல இருக்கு. நடைமுறையில 60 நாள்ல முடியறது ரொம்பக் கம்மி, நான் பொய் சொல்ல மாட்டேன், இழுக்கும், அலைய விடுவாங்க. ஆனா இடைக்கால உத்தரவு வாங்கி திரும்ப அந்த வீட்டுக்குள்ள போன பொண்ணுங்களை நான் என் கண்ணால பாத்திருக்கேன். அதே பெட்டியோட அதே வாசப்படியில அவ ஏறுற சீன்ல டிராமா இல்லைன்னு யாராச்சும் சொல்ல முடியுமா?

கற்பனைக் கதைன்னு ஆரம்பத்துல கார்டு போடுறோமேன்னு நீங்க சொல்லலாம், டிஆர்பி இதுக்குத்தான் வருதுன்னும் சொல்லலாம். சினிமாவுக்காச்சும் சென்சார் போர்டு இருக்கு, சீரியலுக்கு முன்கூட்டியே பாத்து சர்டிபிகேட் குடுக்க யாரும் இல்ல, அதனால பொறுப்பு மொத்தமும் உங்க கையிலதான் இருக்கு. சினிமாவுல ஒருத்தர் சிகரெட்டைப் பத்த வச்சா கீழ எச்சரிக்கை வரி ஓடுதுல்ல, அதே மாதிரி புருஷன் கை ஓங்குற சீன்ல 181-னு மகளிர் உதவி எண்ணை ஒரு ஓரமா ஓட விடலாம். 15100-க்கு அடிச்சா இலவச சட்ட உதவி கிடைக்கும், பொண்ணுங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு கூட பாக்க மாட்டாங்க, 1987-ல வந்த சட்டம் அது, எத்தனை பேருக்குத் தெரியும்? உங்களுக்கு ஒரு வரி, அதுக்கு எங்க ஆபீஸ்ல நாங்க வருஷம் பூரா கத்தணும்.

ஸ்கிரிப்ட்ல சட்டம் வர்ற பக்கத்தை மட்டும் ஒரு வக்கீல் கிட்ட காட்டிட்டு ஷூட்டிங் போங்க. நான் காசு வாங்காம படிச்சுத் தரேன், எங்க வக்கீல் சங்கத்துல என்னை மாதிரி செய்யத் தயாரா இன்னும் நிறைய பேரு இருக்காங்க. கதையை மாத்தச் சொல்ல மாட்டோம், அழுகையைக் குறைக்கச் சொல்ல மாட்டோம், வில்லியைத் திருத்தச் சொல்ல மாட்டோம். இந்த இடத்துல அவளுக்கு இப்படி ஒரு வழி இருக்கு, எழுதுறதுன்னா எழுதிக்குங்கன்னு மட்டும் ஓரத்துல பென்சில்ல குறிச்சுத் தருவோம்.

இப்படிக்கு,
குடும்ப நல கோர்ட் வக்கீல் ஒருத்தி