முப்பத்தெட்டுப் பேர் மேல் போட்ட பழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூட்டத்தில் இருக்கும்போது மனிதர்கள் எப்படி மாறிப்போகிறார்கள் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற பயம் நம்மை எப்படி ஆட்டிவைக்கிறது என்று விளக்கிய பகுதி நன்றாக இருந்தது. ஆனால் ஒரு பெண் கொல்லப்படுவதை 38 பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள் என்று கட்டுரையாளர் முக்கியச் சான்றாகக் காட்டிய கிட்டி ஜெனோவீஸ் கதை, அவர் சொன்ன விதத்தில் நடக்கவே இல்லை. இது சின்னப் பிழைதானே என்று விட எனக்கு மனம் வரவில்லை.

1964 மார்ச் 13, விடியற்காலை மூன்று மணிக்கு மேல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், வேலை முடிந்து வீடு திரும்பிய கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண்ணை ஒருவன் கத்தியால் குத்திக் கொன்றான். இரண்டு வாரம் கழித்து நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் ஒரு செய்தி போட்டது. அக்கம்பக்கத்தார் 38 பேர் அரை மணி நேரத்துக்கும் மேலாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்களாம், தாக்குதல் நடந்த நேரத்தில் ஒருவர்கூடப் போலீசைக் கூப்பிடவில்லையாம். தலைப்பில் 37 என்றும் உள்ளே 38 என்றும் எண்ணிக்கையே முரண்பட்டது. அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. அந்தத் தெருவாசிகள் ஈவிரக்கமற்றவர்கள் என்று உலகம் முழுக்கப் பேராகிவிட்டது.

நடந்தது என்ன? முதல் குத்து விழுந்ததும் ஒருவர் மாடி ஜன்னலிலிருந்து சத்தம் போட்டார், கொலைகாரன் ஓடிவிட்டான். அந்தப் பெண் தள்ளாடியபடி கட்டடத்தின் பின்பக்கம் போய்விட்டார். அவன் திரும்பி வந்து இரண்டாம் முறை தாக்கியது அங்கே, பெரும்பாலான ஜன்னல்களுக்குத் தெரியாத ஒரு வாசலுக்குள். குளிர்காலம், மூடிய ஜன்னல்கள், தூக்கக் கலக்கம். காதில் விழுந்த அலறலைக் குடிகாரர் சண்டை என்று நினைத்தவர்கள் உண்டு. 911 என்ற அவசர எண் அன்று அங்கே இல்லவே இல்லை. தெளிவாகப் பார்த்தும் கதவைச் சாத்திக்கொண்டவரும் இருந்தார். அவருக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் 38 பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள் என்பது பொய்.

சோபியா ஃபரார் என்ற அண்டைவீட்டுப் பெண்ணைப் பற்றி அந்தச் செய்தியில் ஒரு வரி இல்லை. விஷயம் காதில் விழுந்ததும், கொலைகாரன் போய்விட்டானா, அங்கேயே நிற்கிறானா என்றுகூடத் தெரியாமல் அவர் இறங்கி ஓடினார். வாசலில் ரத்தவெள்ளத்தில் கிடந்த தோழியைக் கைகளில் தாங்கிக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை பேசித் தேற்றியபடி இருந்தார். 2007-இல் மூன்று உளவியலாளர்கள் ஆவணங்களை அலசி, 38 பேர் கதைக்கு ஆதாரமில்லை என்று எழுதினார்கள். பழைய செய்தியில் குறையுண்டு என்று அந்தப் பத்திரிகையே ஒப்புக்கொண்டபோது 2016 ஆகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இங்கே ஊர் வாயைத் திறந்துவிட்டதே ஒரு பத்திரிகைதான்.

இந்தச் சம்பவத்தால் உந்தப்பட்டுத்தான் டார்லி, லட்டானே என்ற உளவியலாளர்கள் இருவரும் 1968-இல் தங்கள் சோதனை முடிவுகளை வெளியிட்டார்கள். படிவம் நிரப்பிக்கொண்டிருந்தவர்களின் அறைக்குள் புகையை விட்டுப் பார்த்ததாகக் கட்டுரையாளர் சொன்ன சோதனை அவர்களுடையதுதான், முடிவுகளும் சரிதான். அறையில் தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்ப் புகை வருகிறது என்று சொன்னார்கள். அசையாமல் உட்காரும்படி முன்பே சொல்லிவைத்த இருவர் கூட இருந்தபோது, பத்துப் பேரில் ஒருவர்தான் சொன்னார். மற்றவர்கள் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், புகையைக் கையால் விலக்கிவிட்டுப் படிவத்தைத் தொடர்ந்து நிரப்பினார்கள். பிறகு கேட்டால், அது தீயாக இருக்காது, நீராவியாக இருக்கும் என்றார்கள். அங்கே ஆபத்தில் இருந்தது அவர்கள் உயிரும்தான். ஆகவே கல்நெஞ்சம் என்ற விளக்கம் இங்கே எடுபடாது. பக்கத்தில் இருப்பவர் பதறவில்லையே, அப்படியென்றால் ஒன்றும் இருக்காது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஏமாந்தார்கள், அவ்வளவுதான்.

நிஜத் தெருக்களில் நிலைமை இன்னும் தேவலை. ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் நகரங்களின் கண்காணிப்பு கேமராக்களில் பதிவான 219 தகராறுகளை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். பத்தில் ஒன்பதில் யாராவது ஒருவராவது தலையிட்டிருக்கிறார். சுற்றி ஆட்கள் கூடக்கூட, உதவி கிடைக்கும் வாய்ப்பும் கூடியது.

நான் முதலுதவிப் பயிற்சி கொடுப்பவன். "கூட்டத்தில் எவனும் வரமாட்டான் சார்" என்று வகுப்பில் யாராவது சொல்லாமல் இருப்பதில்லை, பெரும்பாலும் இந்த 38 பேரை இழுத்துத்தான் சொல்வார்கள். அந்த நம்பிக்கை செய்கிற கெடுதலை நான் கண்ணால் பார்க்கிறேன். யாரும் வரமாட்டார்கள் என்று நம்புகிறவர் உதவி கேட்டுக் குரல் கொடுப்பதில்லை. ஒரு பாவனை விபத்து வைத்தால் தாமே எல்லாவற்றையும் செய்யப் பார்த்துத் திணறுகிறார். அதனால் "யாராவது ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்" என்று பொதுவாகக் கத்தாதீர்கள், ஒருவரைக் கைகாட்டி, "நீலச் சட்டை, நீங்கள் போன் பண்ணுங்கள், பண்ணிவிட்டு என்னிடம் வந்து சொல்லுங்கள்" என்று சொல்லச் சொல்கிறேன். கைகாட்டப்பட்டவருக்கு அக்கம்பக்கம் பார்க்க நேரமிருக்காது, உடனே போனை எடுத்துவிடுவார்.

எல்லோரும் அப்படித்தான் என்று சொல்லிச் சொல்லியே ஆட்களை அப்படி ஆக்கிவிட முடியும். அமெரிக்காவின் அரிசோனாவில் கல்மரத் துண்டுகளுக்கு, அதாவது கல்லாக இறுகிப்போன பழங்கால மரத் துண்டுகளுக்குப் பேர்போன தேசியப் பூங்காவில் உளவியலாளர் ராபர்ட் சியால்டினியின் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. முன்பு வந்தவர்கள் பலர் துண்டுகளை எடுத்துப் போய்விட்டார்கள் என்று பலகை வைத்த பாதையில், அடையாளமிட்டு வைத்த துண்டுகளில் 100-க்கு ஏறக்குறைய 8 திருடுபோயின. தயவுசெய்து எடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்ன பலகை இருந்தபோது 2-க்கும் குறைவு. பலகை கண்டித்தது திருட்டை. படித்தவர்கள் மனதில் பதிந்ததோ, பலரும் எடுக்கிறார்கள் என்பது. 38 பேர் கதையும் படிப்பவர்களுக்கு இதையேதான் சொல்லிக்கொடுக்கிறது.

எனவே அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள். கடைசிப் பக்கத்து மூலையில் பொடி எழுத்தில் போடாமல், கட்டுரை வந்த அதே பக்கத்தில் போடுங்கள். அதில் சோபியா ஃபரார் பெயர் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்